இழுப்பறையில் உறங்கும் தொலைபேசி

புதிய கைத்தொலைபேசி வாங்குவோர் பழையதனை இழுப்பறையுள் இட்டு மறந்துவிடுவது இற்றைநாள் வழக்கம். அப்பழையதற்குத் தோட்டப்புறத்தில் வேலை காத்திருக்கின்றது என்பதைப் பழைய மாணவ அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசிவழி நடந்தபோது, ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் லயக் காம்பிராக்கள் பலவற்றில் அத்தகைய கருவியே இல்லை. இருந்த வீட்டிலும் பகலெல்லாம் அது தந்தையின் சட்டைப்பையிலோ, கொழுந்தெடுக்கப் போன தாயின் மடியிலோ இருந்தது. அந்தியில் அது வீடு திரும்பும்வரை மூன்று பிள்ளைகள் காத்திருப்பர். தொற்று நீங்கிற்று, ஒன்றைப் பலர் பங்கிடும் நிலை பல வீடுகளில் நீங்கவில்லை.

இதற்குப் புதுக்கருவியே வேண்டுமென்பது நமக்கு உடன்பாடன்று. பாடநூல் படிக்கச் சிம் காட் வேண்டா, சமிக்ஞையும் வேண்டா. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திற் பாடநூல்கள் இலவசமாக உள. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திற் பாடங்கள் உள. இவற்றை நகரிலேயே தரவிறக்கி ஏற்றிவிடின், ஏழெட்டாண்டுப் பழங்கருவியும் ஒரு புத்தக அலுமாரியாகும். தமிழாசிரியராகிய நமக்கு அதன் ஒலிப்பதிவு வசதியே பெரிதும் உவப்பானது. மாணவன் செய்யுளைத் தானே படித்துப் பதிந்து, தன் லகர ளகர ழகரங்களைத் தன் செவியாலேயே கேட்கட்டும். நமது பிரம்பு செய்யாததை அது செய்யும்! எழுத்தறியாப் பாட்டியும் அருகிருந்து கேட்பாள்.

பண்பலை வானொலி உள்ள கருவியாயின், செவிக்கருவியின் கம்பியே அலைவாங்கியாக நின்று, இணையமின்றிச் செய்தி தரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் மலையகத்தை அலைக்கழித்ததைக் கண்டோர்க்கு இதன் அருமை தெரியும்.

ஆயினும் கொடை என்ற பெயராற் குப்பையைத் தள்ளுதல் தகாது. பற்றரி வீங்கிய கருவி தீப்பற்றக்கூடியது; அது லயத்துக்கு ஆகாது. உரிமையாளர் தம் கணக்கை நீக்கிய பின்னரே உள்ளிருப்பவற்றை அழித்தல் வேண்டும். இன்றேல் அக்கருவி அவருடைய கடவுச்சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கு அலுவல் பார்த்தலும் கூடாதென்று பெறுவோர்க்குச் சொல்லிக் கொடுத்தல் நன்று. சார்ஜரையும் மறவாது சேர்த்துக் கட்டுக. கடை தேடிப் பஸ்ஸேறுவோர்க்கு அன்றைய கூலி போய்விடும்.