நீர்மேல் நடந்தவரும் துடைப்பம் பிடித்தவரும்

சம்பள நாளன்று தோட்டத்துக்கு யார் யாரெல்லாம் வந்து சேருவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணி மூட்டைக்காரர் வருவார், கடன் கொடுத்தவர் வருவார், சீட்டுப் பிடிப்பவர் வருவார். அவர்களுக்குப் பின்னால் மருந்துக்காரர் வருவார். என் சிறு வயதில் எங்கள் லயத்துத் திடலுக்கு வந்தவர் வெறும் மருந்துக்காரர் அல்லர். தம்மை 'வாத்தியார்' என்றே சொல்லிக்கொள்வார். கறுப்பு பனியன், இடுப்பில் சிவப்புக் கச்சை. சீனத்துக் குத்துவரிசை, சிலம்பம், வர்மம் மூன்றும் அத்துபடி என்பார். உள்ளங்கையால் செங்கல்லை உடைப்பார், தொண்டைக்குழியில் கம்பியை வைத்து வளைப்பார். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கும்போது சின்னச் சின்னச் சீசாக்களைக் கடை பரப்புவார்.

அந்த வாரம்தான் என் அண்ணன் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குக் கீழே வீங்கிப்போயிருந்தான். வாத்தியார் கையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், இறுக்கிக் கட்டினார். இரண்டு சீசா எண்ணெய் கொடுத்தார். அம்மா ஒரு மாதம் தவறாமல் தடவினார். கை கூடிவிட்டது, ஆனால் வளைந்து கூடிவிட்டது.

பிறகுதான் அப்பா அவனைப் பட்டணத்துச் சீனச் சின்சேயிடம் அழைத்துப் போனார். மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. கிழிந்த சட்டை போட்ட கிழவர். சுவரில் வாளும் இல்லை, விருதும் இல்லை. அண்ணன் கையை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, அரைகுறை மலாயில், "எலும்பு ஒட்டிவிட்டது. இனி என்னால் ஆகாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அப்பா நீட்டிய காசையும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மறுபடி உடைத்துச் சேர்க்கலாம் என்றார்கள். அப்பா பயந்துவிட்டார். அண்ணன் ஓய்வு பெறும்வரை அந்த வளைந்த கையாலேயே பால்மரம் வெட்டினான்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து தேக்காப் பக்கம் குடியிருந்த நாளில், உடன் வேலை செய்த சீன நண்பர் ஒருவர் சாப்பாட்டு வேளைகளில் எனக்குக் கதை சொல்லுவார். ஒரு நாள் அவர் சொன்ன கதையில் எங்கள் செங்கல் வாத்தியார் அப்படியே வந்து நின்றார்! பெயர்தான் வேறு. சியூ சியன்சாங் என்ற கிழவர்.

கதையை எழுதியவர் ஜின் யோங். 1957 முதல் 1959 வரை ஹாங்காங்கில் நாளிதழ்த் தொடராக வந்த கழுகு வீரர்களின் கதை அது. இந்த சியூ சியன்சாங்குக்கு ஒரு தம்பி உண்டு. இரும்புக் கை வித்தையில் ஊரே நடுங்கும் நிஜமான வீரர். அண்ணன்காரர் பார்க்க அச்சாகத் தம்பி மாதிரியே இருப்பார், ஆனால் ஒரு வித்தையும் தெரியாது. தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஊர் சுற்றுவார். தலையில் பெரிய இரும்புக் கொப்பரையைச் சுமந்தபடி ஆற்று நீரின் மேல் நடந்து போவார். பார்த்தவர்கள் கும்பிடுகிறார்கள். மதுக் கோப்பையின் விளிம்பை விரலால் தடவினால் வளையமாக வெட்டுப்பட்டு விழும். செங்கல்லைக் கையில் எடுத்துத் தேய்த்தால் பொடிப் பொடியாகும்.

கடைசியில் ஹுவாங் ரோங் என்ற குறும்புக்காரப் பெண் அவர் அங்கிக்குள் கைவிட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போடுகிறாள். செங்கல் மாவில் செய்தது. கோப்பையை வெட்டியது விரல் மோதிரத்து வைரம். ஆற்றில் நடந்தது, நீர்மட்டத்துக்குக் கீழே வரிசையாக நட்டு வைத்த முளைகளின் மேல்! நண்பர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் கைதான் கண்முன் நின்றது.

அதே கதையில் அசல் குருவும் இருக்கிறார். ஹொங் சீகொங் என்று பெயர். பிச்சைக்காரர் கூட்டத்துக்குத் தலைவர். கந்தல் உடை, கையில் ஒரு விரல் குறை. சாப்பாட்டு ஆசையில் கடமையைத் தவறவிட்டதற்காகத் தாமே வெட்டிக்கொண்ட விரல். விரல் போயும் ஆசை போகவில்லை. நல்ல சமையலின் வாசனை எங்கே வந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுவார். ஹுவாங் ரோங் விதவிதமாகச் சமைத்துப் போட்டே, தன் மனத்துக்குப் பிடித்த மந்தபுத்திப் பையன் குவோ ஜிங்குக்கு அவரிடமிருந்து வித்தையைக் கறந்துவிடுகிறாள். தம் குறையை மறைக்காத குரு இவர். நீர்மேல் நடந்தவருக்கு மறைப்பதே தொழில்.

இந்தக் கதைகள் சிங்கப்பூருக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. அச்சுக்கு முன்னே வாய்வழியாகத்தான் வந்தன. சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ரீட் பாலத்தருகிலும் வேறு இடங்களிலும், பொழுது சாய்ந்தால் கதைசொல்லிகள் விளக்கை ஏற்றி வைத்து உட்காருவார்கள். சுற்றிலும் தொங்கான் படகுக் கூலிகள், மூட்டை தூக்குபவர்கள். ஓர் ஊதுபத்தி கொளுத்தி வைப்பார்கள். அது எரிந்து முடிந்தால் ஒரு பகுதி முடிந்தது. கதாநாயகன் கழுத்தில் வாள் படப்போகிற நேரம் பார்த்துப் பத்தி அணையும், தகரக் குவளை சுற்றிவரும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் மாவீரர் சரித்திரம் கிடைத்தது. நம் லயங்களில் ஒருவர் அல்லி அரசாணி மாலை படிக்க, மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். 1949ல் ரீடிஃப்யூஷன் என்ற கம்பி வானொலி வந்ததும் கதைசொல்லிகள் அதில் ஏறிக்கொண்டார்கள். கான்டனீஸ் மொழியில் லீ தாய் சோர் கதை சொல்லுகிற நேரத்தில் காப்பிக் கடைகளில் மேசை கிடைக்காது என்பார்கள். 1979ல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு வட்டார மொழிக் கதைகள் ஓய்ந்தன. அந்த வானொலியும் 2012ல் நின்றுபோயிற்று.

அச்சுக்கு வந்த கதைக்குப் பிறந்த நாளே உண்டு. 1954 ஜனவரி 17ஆம் தேதி மக்காவ் நகரில் இரண்டு நிஜ வாத்தியார்கள் மேடை ஏறினார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டிய தைச்சி ஆசான் வூ கொங்யி. மற்றவர் முப்பதுகளில் இருந்த வெள்ளைக் கொக்கு முறை ஆசான் சான் ஹாக் ஃபூ. தீ விபத்தில் வீடிழந்த ஹாங்காங் ஏழைகளுக்கு நிதி திரட்ட நடந்த போட்டி. பறந்து பறந்து அடிப்பார்கள் என்று கூட்டம் காத்திருந்தது. நடந்ததோ, மூக்கில் ரத்தம், கையும் காலும் தாறுமாறு. இரண்டாவது சுற்றிலேயே நடுவர்கள் நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பு என்ன தெரியுமா? வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமமும் இல்லை! இப்படியும் ஒரு தீர்ப்பு உண்டா என்று கேட்காதீர்கள், அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் ஊர் முழுக்க அதே பேச்சு. மூன்றே நாளில், ஜனவரி 20ஆம் தேதி, ஹாங்காங் மாலைப் பத்திரிகை ஒன்று லியாங் யூஷெங் எழுதிய வீரக்கதைத் தொடரை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் உடன் வேலை பார்த்த இன்னொருவரும் எழுதத் தொடங்கினார். அவர்தான் ஜின் யோங். நிஜ மேடையில் காணாத வித்தையைத்தான் ஜனங்கள் காகிதத்தில் தேடினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜின் யோங் 1959ல் மிங் பாவ் என்ற நாளிதழைத் தொடங்கினார். 1963 முதல் 1966 வரை அவர் எழுதிய பெரிய தொடர் ஒன்று மிங் பாவ் இதழிலும் நம் சிங்கப்பூர் நன்யாங் சியாங் பாவ் இதழிலும் வந்தது. (இடையில் அவர் ஐரோப்பா போனபோது நண்பர் நீ குவாங்கை எழுதச் சொல்லிவிட்டுப் போனார். நண்பருக்கு ஒரு பாத்திரத்தைப் பிடிக்காததால், திரும்பி வருவதற்குள் அவள் கண்ணைக் குருடாக்கிவிட்டார்! நண்பரை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பவர்கள் கவனிக்க.) 1967ல் சிங்கப்பூரிலேயே ஷின் மின் நாளிதழை ஜின் யோங் தொடங்கினார். கூட்டாளி யார் தெரியுமா? உங்கள் வீட்டில் தலைவலி, சளி, வயிற்றுப் பொருமல் எல்லாவற்றுக்கும் தடவுகிறீர்களே கோடாலித் தைலம், அந்தக் கம்பெனியை 1928ல் சிங்கப்பூரில் நிறுவிய லியுங் யுன் சீ! அந்தப் பத்திரிகை இன்றும் வருகிறது.

சிங்கப்பூர் வாசகர்கள் படித்த அந்தப் பெரிய தொடரில்தான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார். அவருக்குப் பெயரே கிடையாது. ஷாவ்லின் மடத்து நூல்நிலையத்தில் தரை கூட்டும் கிழட்டுத் துறவி. இரண்டு பெரிய வீரர்கள், ஒருவரை ஒருவர் யாரென்று அறியாமல், ஆண்டுக்கணக்கில் இரவில் வந்து அங்கே ரகசிய ஏடுகளைத் திருடிப் படித்திருக்கிறார்கள். தங்களை யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. கூட்டுகிறவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூட்டுகிறவனை யார் மனிதனாகக் கணக்கில் எடுக்கிறார்கள்? பிரட்டுக் களத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு இது புரியும்.

கடைசியில் எல்லோரும் கூடிய இடத்தில் அவர் வாயைத் திறக்கிறார். ஒருவரைப் பார்த்து, உன் உடம்பில் இந்த இந்த இடத்தில் வலியும் மரமரப்பும் இருக்குமே என்கிறார். இன்னொருவரைப் பார்த்து, நாளுக்கு மூன்று தடவை ஊசி குத்துவது போல் துடிக்கிறாயே என்கிறார். கருணையைக் கற்காமல் அடிக்கும் வித்தையை மட்டும் கற்றால் அது கற்றவனையே உள்ளிருந்து தின்னும் என்பது அவர் கணக்கு. அந்தக் கூட்டத்திலேயே பெரிய வீரர் அவர்தான். ஆனால் முதலில் செய்தது நோய் சொன்னதும், பிறகு குணப்படுத்தியதும்.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். சீன ஆசான்கள் பலர் எலும்பு கட்டுபவர்களாகவும் இருந்தார்கள். சினிமாவில் குவான் தக் ஹிங் நடித்து நாம் பார்த்த வோங் ஃபெய் ஹூங் நிஜ மனிதர், 1925 வரை வாழ்ந்தவர், மருந்துக்கடை நடத்தியவர். நம் கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களும் அப்படியே. அடிக்கத் தெரிந்த இடத்தை ஆற்றவும் தெரிந்தாக வேண்டும். அடிமுறையும் வைத்தியமும் ஒரே ஆசானிடம்தான் கற்பார்கள்.

செங்கல் வாத்தியாரைப் போன்ற போலியாவது மாவுக்கட்டியோடு போய்விடுவார். படித்த போலி இன்னும் ஆபத்தானவர். 1967ல் தொடங்கிய இன்னொரு தொடரில் யுவே பூச்சுன் என்ற குரு வருகிறார். 'கனவான் வாள்' என்பது பட்டப் பெயர். பேச்சில் தேன், நடையில் பண்பு. உண்மையில் வித்தையும் தெரிந்தவர். ஆனால் இன்னொரு குடும்பத்தின் வாள் ஏட்டுக்காகத் தம் சீடன்மேலேயே திருட்டுப் பழி விழ விட்டுவிடுகிறார், தம் ஆண்மையையே பலி கொடுக்கிறார். சைகோன் நகரில் மட்டும் இருபத்தொரு பத்திரிகைகள் இந்தத் தொடரை வெளியிட்டனவாம். தென் வியட்நாம் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் "நீர்தான் யுவே பூச்சுன்!" என்று திட்டிக்கொண்டார்கள் என்று ஜின் யோங்கே பின்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தச் சீடனுக்கு உண்மையில் வித்தை கற்றுக்கொடுப்பவரோ மலைக்குகையில் ஒளிந்து வாழும் ஒரு கிழவர். கற்றுக்கொடுத்துவிட்டு, நான் இங்கே இருப்பதை யாரிடமும் சொல்லாதே என்கிறார்!

நம் பிள்ளைகள் இன்று சிலம்பம், கராத்தே, தேக்வாண்டோ என்று வகுப்புக்குப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். பணம் கட்டுமுன் ஒரு மாலை வகுப்பின் ஓரத்தில் போய் நின்று பாருங்கள். பிள்ளைக்குக் கால் சுளுக்கினால் வாத்தியார் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். 'இது எனக்குத் தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கள்' என்று சொல்லுகிறவராக இருந்தால் நான் தயங்காமல் சேர்ப்பேன். சுவர் நிறையப் பதக்கமும் படமும் வைத்து, மூன்று மாதத்தில் கறுப்புப் பட்டை என்று சொல்லுகிறவரிடம் வேண்டாம்.

ஜின் யோங் 2018 அக்டோபரில் தமது 94ஆம் வயதில் மறைந்தார். நீர்மேல் நடந்த கிழவர் வருகிற அந்தக் கழுகு வீரர் கதை 2018 முதல் 2021 வரை நான்கு பாகங்களாக ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. ஆங்கிலம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்து நமக்குத் தமிழில் சொல்லச் சொல்லலாம். என் பேத்தி அப்படித்தான் சொன்னாள். தோட்டத்திலிருந்து வந்திருந்த அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். மாவுச் செங்கல் வந்த இடத்தில் ஒருமுறை நிறுத்தி, "அதை மறுபடி சொல்லும்மா" என்றான்.