புள்ளிகள் நிறைந்த நட்சத்திரம்



அரிக்கன் லாம்பின் சிமினியில் கரி படிந்தால் வெளிச்சம் குறையும். குறுக்கே ஒரு பூச்சி பறந்தாலும் குறையும். எது கரி, எது பூச்சி என்று தூரத்தில் நிற்பவர் எப்படி அறிவார்? வானியலாளருக்கும் இதே சிக்கல் உண்டு.

ஏயூ மைக்ரோஸ்கோப்பி என்பது சூரியனை விடச் சிறிய, வயதிலும் மிக இளைய நட்சத்திரம். அதன் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 32 ஆண்டுகள் ஆகும். அதன் மேற்பரப்பில் பெரிய கரும்புள்ளிகள் உள்ளன. ஏறக்குறைய 5 நாட்களுக்கு ஒருமுறை அது தன்னைத் தானே சுற்றுகிறது. புள்ளிகளும் கூடவே சுற்றுவதால் அதன் ஒளி நாட்கணக்கில் மெல்லக் குறைந்து கூடுகிறது.

2018இல் நாசாவின் டெஸ் விண்கலம் இந்த நட்சத்திரத்தை ஏறக்குறைய ஒரு மாதம் பார்த்தது. அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே, ஒளி சில மணி நேரம் மட்டும் ஏறத்தாழ 400இல் ஒரு பங்கு குறைந்து மீண்டது. இருமுறை அப்படி நடந்தது. 2019இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியும் அதையே கண்டது. புள்ளி இத்தனை விரைவாக வந்து போகாது. நட்சத்திரத்தின் குறுக்கே ஒரு கோள் கடந்து போயிருக்கிறது! நெப்டியூன் அளவான அக்கோள் எட்டரை நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. 2020இல் இச்செய்தி வெளியானது.

நட்சத்திரம் சிறிதானால், கடக்கும் கோள் மறைக்கும் பங்கு பெரிதாகும். அதனால்தான் சிறிய நட்சத்திரங்களைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இதில் என் மனதைத் தொட்டது ஒன்று. புள்ளி நிறைந்தது, இதில் எதுவும் தெரியாது என்று அந்த நட்சத்திரத்தை ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்காமல் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கே அக்கோள் தெரிந்தது.