மொய் நோட்டும் இன்னொரு நோட்டும்

நம் சிவகங்கைச் சீமையில் கல்யாணம், காதுகுத்து என்றால் மொய் நோட்டு இல்லாத வீடு கிடையாது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்துத்தான் திருப்பிச் செய்வோம். அது செய்முறை, தவறில்லை. ஆனால் நம்மில் பலர் மனதுக்குள் இன்னொரு நோட்டும் வைத்திருக்கிறோம். 'என் மகள் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை', 'வரப்புத் தகராறில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னான்' என்று வரிவரியாக அதில் இருக்கும். மொய் நோட்டைக்கூடக் கரையான் அரிக்கும், இதை அரிக்காது. நாம் கண்ணை மூடினால் பிள்ளைகள் கைக்குப் போகும். என்ன சண்டை என்றே தெரியாமல் பேரன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் கிறிஸ்தவன், கணக்கு எழுதியே காலம் தள்ளிய குமாஸ்தா. அதனால் மத்தேயு 18ஆம் அதிகாரத்துக் கடன்காரன் உவமையைக் கணக்காகவே படிப்பேன். அரசனுக்கு அவன் தரவேண்டியது 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம்! அதைத் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த 100 பொய்க் கணக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். மூன்று மாதக் கூலிக்கு மேல், நியாயமாக வரவேண்டிய பணம். நமக்கு நடந்த அநியாயமும் அப்படித்தான், நிஜமானது. அதை 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சொல்லச் சொல்வது இரக்கம் ஆகாது.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். மன்னிப்புக்கு அங்கே 'பர்தோன்' என்பார்கள். அதற்குள் 'தோன்' இருக்கிறது, கொடை என்று பொருள். நம் பழைய ஜெபத்தில் வருவது 'பொறுத்தல்', அதாவது சுமப்பது. கொடுப்பதும் சுமப்பதும் உண்டு. இரண்டிலும் மறப்பது என்ற பேச்சே இல்லை.

1995 பிப்ரவரி 25 அன்று, மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் போகும் பேருந்தில் ராணி மரியா என்ற கன்னியாஸ்திரியைச் சமந்தர் சிங் கத்தியால் குத்திக் கொன்றார். கேரளத்துப் புல்லுவழியில் பிறந்து, அங்கே ஏழை விவசாயிகள் கந்துவட்டியிலிருந்து மீள உழைத்தவர் அவர். சிறையில் சமந்தர் சிங்கை முதலில் தேடிப் போனவர் சுவாமி சதானந்த் என்ற குருவானவர். பிறகு 2002ல் ராணி மரியாவின் தங்கை, அதே சபைக் கன்னியாஸ்திரி செல்மி பால், அவர் கையில் ராக்கி கட்டி அண்ணன் ஆக்கிக்கொண்டார். மறு வருஷம் தாயாரே போய் அந்தக் கையை முத்தமிட்டார். மகளின் ரத்தம் பட்ட கை அல்லவா! 2006ல் அவர் விடுதலையாகக் குடும்பமும் மனுக் கொடுத்தது. 2017ல் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது.

'அவன் வந்து காலில் விழட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது நம் வழக்கம். இங்கே படி இறங்கி நடந்தது இழந்தவர்கள் பக்கம்.

மன்னித்தால் தப்பு செய்தவனுக்குத் துணிச்சல் வராதா என்று கேட்பார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவில் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்ட பிறகு, கிளாடிஸ் அம்மையார் மன்னித்தேன் என்றார். வழக்கு அதன் வழியில் நடந்தது. தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனை சட்டத்தின் வேலை. மனதில் வைத்துக் குமைவது யாருடைய வேலையும் அல்ல.

பெரிய மனிதர்கள் கதை என்று ஒதுக்காதீர்கள். என்மேல் பொய்யாக மொட்டை மனுப் போட்ட ஒருவரால் எனக்கு ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. பிற்காலத்தில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன், மொய்யும் எழுதினேன். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. அதனால் நான் மன்னித்தது பொய் என்று ஆகிவிடாது. சோறு இறங்கச் சில காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்தத் திருக்கோஷ்டியூரிலேயே பாருங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்த மந்திரத்தை ராமானுஜர் கோயிலில் ஏறி ஊரறியச் சொல்ல, கொதித்துப் போனார் திருக்கோஷ்டியூர் நம்பி. அவர் குரு, கோபப்பட உரிமை உள்ளவர். ஆனாலும் சீடன் சொன்ன காரணத்தைக் கேட்டு, 'எம்பெருமானார்' என்று கட்டிக்கொண்டார் என்கிறது வைணவ மரபு. இறங்கி வந்தவர் பெரியவர்தான்.

அதே கோயிலைத் தினமும் பார்த்துக்கொண்டு, கூடப் பிறந்த தம்பியோடு பேசாமல் இருக்கும் என் வயதுக்காரர்கள் இங்கே உண்டு. ஆவணி முகூர்த்தம் வருகிறது. முதல் பத்திரிகையை அந்த வீட்டில் வைத்தால் என்ன?