மருந்து உறையை யார் வாசிப்பது?

கடந்த மாதம் தரம் 4 மாணவி ஒருத்தி புத்தகப் பையிலிருந்து மூன்று மருந்து உறைகளை எடுத்து நீட்டினாள். "சேர், இத எப்ப குடிக்கணும்னு அம்மாயி கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

ஓர் உறையில் சிங்களம். மற்ற இரண்டில் ஆங்கிலத்தில் 'பி.டி.' என்று இரண்டு எழுத்துகள். நாளுக்கு இரண்டு வேளை என்பது அதன் பொருள். அம்மாயியோ இரு வேளைக் குளிசைகளையும் விடியற்காலையில், வெறும் வயிற்றில், பிளேன்டீயோடு விழுங்கி வந்திருக்கிறார். அதில் சீனி வியாதிக் குளிசையும் ஒன்று. இரண்டு முறை மயங்கி விழுந்தபோதும் "வயசாயிருச்சு" என்றே லயத்தில் பேசிக்கொண்டார்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடம் உறைகளைக் காட்டிய பின்னரே விஷயம் தெரிய வந்தது.

அவரை விபரம் தெரியாதவர் என்று சொல்ல முடியுமா? தராசில் ஒரு கிலோ கொழுந்து குறைந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் நேருக்கு நேர் கேட்டவர் அவர். வைத்தியசாலையில் மட்டும் வாய் திறக்கவில்லை. பின்னால் நீண்ட வரிசை, முன்னால் புரியாத மொழி.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே மருந்து உறையில் தமிழ் கேட்பது சலுகை அல்ல, உரிமை. சுகாதார அதிகாரிகளிடம் இதை வலியுறுத்துவது தொழிற்சங்கத்தின் வேலை. செக்ரோலில் பெயர் இல்லாவிட்டாலும் ஓய்வு பெற்றவர்கள் நம்மவர்களே.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டாம். செத்த பிறகு தேவைப்படும் பணத்துக்காக மரணாதார சங்கத்துக்குத் தவறாமல் சந்தா கட்டுகிறோம். உயிரோடு இருப்பதற்காக முதியோர் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

எல்லோரும் கிளினிக் கொப்பியையும் மருந்து உறைகளையும் கொண்டு வரட்டும். வைத்திய உதவியாளரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அழைத்து ஒவ்வொன்றாக விளக்கச் சொல்வோம். காலை மருந்துக்குச் சூரியன், இரவு மருந்துக்குப் பிறை என்று பிள்ளைகள் உறையில் வரையட்டும். பிறகு, கேட்டதை அவரவர் வாயாலேயே திருப்பிச் சொல்லட்டும். புரிந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்று விஷயங்களை எல்லாக் கூட்டத்திலும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குளிசை நமக்கு மருந்தல்ல. உடம்பு நன்றாக இருக்கிறதென்று பிரஷர் குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. சீனிக் குளிசை குடிப்பவருக்கு வியர்த்து, கைகால் நடுங்கினால், நினைவோடு இருக்கும்போதே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

அடுத்த கூட்டத்துக்குச் சந்தாக் கொப்பியோடு மருந்துப் பையையும் எடுத்து வாருங்கள். வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.