பெற்றோரின் மாலைப்பொழுது எங்கே?

திருக்குடும்ப விழா வந்துவிட்டால் எங்கள் மறையுரைகளில் பெற்றோருக்குத் தப்பாமல் சாட்டையடி விழும். பிள்ளை யாரோடு பழகுகிறான் என்று விசாரித்தீர்களா? பள்ளிக் கூட்டத்திற்குப் போனீர்களா? கைப்பேசியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருக்கிறீர்களே! நானும் பல்லாண்டுகள் இப்படி முழங்கியவன்தான். அது அநியாயம் என்று இன்று சொல்கிறேன்.

தாராபுரத்திலிருந்து திருப்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடியுமுன் சோறு வடித்து வைத்து, வேனில் ஏறி, பனியன் கம்பெனியில் ‘ஒன்றரை ஷிப்ட்’, அதாவது 12 மணி நேரம், உழைத்துவிட்டுத் தாய் திரும்பும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளை உறங்கிப் போயிருக்கும். பள்ளிக் கூட்டத்திற்குப் போனால் ஒருநாள் கூலி போயிற்று. இவளையா நாம் கண்டிப்பது? (நேரம் இருந்தும் மகளின் கைப்பேசியைத் துருவுவதையே வளர்ப்பு என எண்ணுவோரும் உண்டு, அது வேறு நோய்.)

பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் கூறியதை அடிக்கடி எடுத்துரைக்கிறோம். அப்பணிக்குச் சமுதாயம் முழுவதன் துணையும் வேண்டும் என்று அதே பகுதி கூறுவதை மட்டும் ஏனோ விழுங்கிவிடுகிறோம்.

நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வரம்பு கட்டியது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாகிய மே முதல் நாளில், திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்நாள்களில் என் பீடத்திலிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

“கூடுதல் நேரத்தை அவர்களே கேட்டு வாங்குகிறார்கள், சாமி” என்பர் முதலாளிகள். கேட்கத்தான் செய்வார்கள். ஒரு ஷிப்ட் கூலியில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அடங்குமானால் யார் கேட்பார்கள்?

பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் மரியாவும் சூசையும் மூன்று நாள் தேடினர் என்கிறார் லூக்கா. நாசரேத்துத் தச்சருக்கு அந்த மூன்று நாள் கூலியைப் பிடிக்க எவரும் இருந்ததாக நற்செய்தியில் இல்லை. ஆலயத்தில் முன்வரிசையில் அமரும் முதலாளிகளே, பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் உங்கள் தொழிலாளருக்குக் கூலியோடு அரைநாள் விடுப்புக் கொடுப்பீர்களா? அடுத்த திருக்குடும்ப விழாவில் என் மறையுரை உங்களை நோக்கித்தான்.