கணினியைத் துடைப்பதும் போராட்ட வேலைதான்



இம்முறை சட்டத் திருத்தம் பற்றியோ ஆணையத்தின் அறிக்கை பற்றியோ எழுதப் போவதில்லை. எங்கள் அலுவலக மூலையில் தூசு படிந்து கிடந்த ஒரு பழைய கணினியைப் பற்றி எழுதுகிறோம். அது எங்கள் தலையைக் குனிய வைத்த கதை.

குடிசைக்குத் தீ வைத்த ஒரு வழக்கு. உண்மை அறியும் குழுவாக ஆறு பேர் போனோம். எரிந்த வீடுகள், கருகிய பாடப் புத்தகங்கள், காயங்கள் என இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தோம். பெண்களின் வாக்குமூலங்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்தோம். எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் ஏற்றினோம். கைபேசியில் இடம் இல்லை என்று அதிலிருந்தவற்றை அழித்துவிட்டோம். நாலு மாதம் கழித்து வழக்கறிஞர் படங்களைக் கேட்டார். கணினியைப் போட்டால் 'டக் டக்' என்று ஒரு சத்தம் மட்டும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மீட்டெடுக்கும் கடையில் பல ஆயிரம் கேட்டார்கள், அதுவும் உத்தரவாதம் இல்லாமல். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்த நாலு படங்கள்தான் மிஞ்சின.

விஷயத்தைச் சொல்ல ஊருக்குப் போனபோது ஓர் அம்மா கேட்டார்: "நீங்கதானப்பா எல்லாத்தையும் எழுதி, படம் புடிச்சு எடுத்துட்டுப் போனீங்க. இப்ப எங்க அது?"

எங்களிடம் பதில் இல்லை. ஆதாரத்தை அழித்தது ஆதிக்கச் சாதியும் இல்லை, காவல்துறையும் இல்லை. எங்கள் அலட்சியம்தான் அழித்தது.

அதனால்தான் சொல்கிறோம்: கணினிப் பராமரிப்பும் இணையப் பாதுகாப்பும் நமக்குப் பொழுதுபோக்கு அல்ல, 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' தலையில் கட்டிவிட்டுப் போகும் வேலையும் அல்ல. முதல் தகவல் அறிக்கை, சாதிச் சான்றிதழ், பட்டா நகல், சாட்சிகளின் பெயரும் முகவரியும் எல்லாம் இன்று இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பெட்டி பழுதானால் வழக்கு பலவீனமாகும். அதில் இருப்பது கசிந்தால் சாட்சியின் உயிருக்கே ஆபத்து. "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொல்லித்தான் தலைமுறை தலைமுறையாக நம்மை எழுத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். அதே சொல்லை கணினி விஷயத்தில் நமக்கு நாமே சொல்லிக் கொள்ளலாமா?

முதலில் இயந்திரம். தூசும் சூடும்தான் அதன் முதல் எதிரிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சிபியு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசைத் தட்டுங்கள். மின்விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஈரத்துணி கூடாது. மடிக்கணினியை மெத்தை மீது வைத்து வேலை செய்யாதீர்கள், அடியில் காற்றுப் போகும் வழி அடைபடும். சுவிட்சை அணைத்துக் கணினியை நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரென்றால் யுபிஎஸ் அவசியம். டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வழக்கத்துக்கு மாறான சத்தமோ, கோப்பு திறக்க அளவுக்கு மீறிய தாமதமோ கண்டால், 'இன்னும் ஓடுதே' என்று விட்டுவிடாமல் அன்றைக்கே நகல் எடுங்கள். எங்கள் கணினி ஒரு மாதமாகவே முனகிக் கொண்டிருந்தது. நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது, நகல். ஒரு கோப்பு ஒரே இடத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். மூன்று நகல், இரண்டு வகையான சாதனம், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. இதுதான் கணக்கு. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வழக்கறிஞரிடமோ ஒன்று. நகல் எடுத்தபின் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும். எடுத்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். சாட்சிகளின் விவரம் உள்ள டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். கடவுச்சொல்லை மறந்தால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்பதால், அதைப் பொறுப்பான இருவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மென்பொருள். நம்மில் பலர் வைத்திருப்பது கடையில் இருநூறு ரூபாய்க்குப் போட்டுத் தந்த திருட்டு விண்டோஸ். அதைப் போடும் 'கிராக்' கோப்போடு வேறு என்னென்ன உள்ளே வந்தன என்று போட்டவருக்கே தெரியாது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. புதுக் கணினி வாங்க வசதியில்லை என்றால் லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும், தமிழும் தட்டச்சு செய்யலாம். முதல் வாரம் சிரமமாக இருக்கும், பிறகு பழகிவிடும். எந்த இயங்குதளமானாலும் 'அப்டேட்' கேட்டால் 'பிறகு' என்று தள்ளாதீர்கள். திருடன் நுழையும் ஓட்டையைத்தான் அந்த அப்டேட் அடைக்கிறது.

'நம்மிடம் திருட என்ன இருக்கிறது?' என்று கேட்கும் தோழர்களுக்கு பீமா கோரேகான் வழக்கை நினைவுபடுத்துகிறோம். 2018 ஜனவரி 1 அன்று, மகர் வீரர்களின் நினைவுத்தூணில் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடக் கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அதையொட்டிய வழக்கில் செயற்பாட்டாளர்களும் வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் கைது செய்யப்பட்டார்கள். கைதானவர்களின் கணினி நகல்களை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. ரோனா வில்சனின் கணினிக்குள் 2016 ஜூனில் ஒரு மின்னஞ்சல் இணைப்பு வழியே 'நெட்வயர்' என்ற உளவு மென்பொருள் நுழைந்தது என்றும், மறைவான ஒரு கோப்புறையில் கடிதங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டன என்றும் 2021-இல் அது அறிக்கை தந்தது. நாக்பூரின் தலித் உரிமை வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினி பற்றியும், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமியின் கணினி பற்றியும் அதே போன்ற அறிக்கைகள் வந்தன. பார்கின்சன் நோயோடு சிறைக்குப் போன ஸ்டேன் சுவாமி 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே இறந்தார். புலனாய்வு அமைப்பு இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில். ஆனால் பாடம் நம் கையில்.

ரோனா வில்சனுக்கு வந்த மின்னஞ்சல் அவருக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்தே வந்தது என்கிறது அந்த அறிக்கை. ஆகவே தெரிந்த பெயர் என்பது பாதுகாப்பு ஆகாது. எதிர்பாராத இணைப்பு வந்தால், திறப்பதற்கு முன் அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து "நீங்கதான் அனுப்பினீங்களா தோழர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை முடிந்தால் கணினியை அணைத்து வையுங்கள். காவல்துறை சாதனத்தைக் கைப்பற்றினால், 'ஹாஷ் மதிப்பு' எடுத்து மகசரில் குறிக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். அது அந்த டிஸ்க்கின் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும்.

நம் தரப்பு ஆதாரத்துக்கும் இதே கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றும் கொடுக்க வேண்டும். அதிலும் ஹாஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தரம் குறையும், எப்போது எங்கே எடுத்தது என்ற விவரமும் உதிர்ந்துபோகும். எனவே மூலப்படத்தை எடுத்த கைபேசியிலேயே விட்டு வையுங்கள். நகலை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். இணையத்தில் யாராவது சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பதிலடி கொடுக்கும் முன் பக்கத்தின் முகவரி, தேதி, நேரம், கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். எழுதியவர் அழித்துவிட்டு ஓடுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்து நம் பிள்ளைகள். வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் கல்வி உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் நம்பியிருப்பது பிரவுசிங் சென்டரையும் ஜெராக்ஸ் கடையையும்தான். அச்செடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தக் கடைக்கு வருகிற யார் வேண்டுமானாலும் அந்தப் பெண்ணின் உரையாடலைப் படிக்கலாம். கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். கடைக் கணினியில் இறக்கிய ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டு வாருங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"உங்க பையனுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று பெற்றோருக்கு அழைப்பு வருகிறது. ஒன்றை மட்டும் மனதில் இருத்துங்கள்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு.

இதைவிடக் கொடியது வேறொன்று. "உன் வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்" என்று வேலையில்லாத நம் இளைஞர்களைத் தேடி வருகிறார்கள். யாரிடமோ திருடிய பணம் அந்தக் கணக்கு வழியே போகும். கடைசியில் காவல்துறை வந்து நிற்பது கணக்குக்கு உரியவன் வீட்டு வாசலில்தான். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப் பழகிய ஒரு சமூகத்தில், சேரிப் பையன் பெயரில் ஒரு சைபர் வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

இத்தனையும் செய்தால் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடுமா? கிடைக்காது. அரசு பலத்தோடு வரும் உளவு மென்பொருளை நம் தூரிகையும் கடவுச்சொல்லும் தடுக்காது. அதை எதிர்க்க வேண்டிய இடம் நீதிமன்றமும் வீதியும்தான். தனிமனிதரின் தரவைக் காப்பது அரசின் கடமை, அதை மக்கள் தலையில் மட்டும் ஏற்றுவதை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் நாம் இழப்பவற்றில் பெரும்பகுதி பெரிய சதியால் போவதில்லை. தூசால், திருட்டு மென்பொருளால், நகல் எடுக்காத சோம்பலால் போகிறது. இதையாவது நிறுத்தலாம்.

அண்ணல் அம்பேத்கர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1967-இல், டில்லி அலிப்பூர் சாலை வீட்டில் இருந்த அவருடைய காகிதங்கள் முற்றத்தில் வீசப்பட்டு, அன்றிரவு பெய்த மழையில் நனைந்து பாழானதை அவருடைய செயலாளர் நானக் சந்த் ரத்து பதிவு செய்திருக்கிறார். மிஞ்சியவற்றைத் திரட்டி மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியை வெளியிட்டது 1979-இல். அந்த மழையில் கரைந்த பக்கங்களில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு, கூட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரம் தூசு தட்டல், அப்டேட், நகல். முறை வைத்து ஒவ்வொரு தோழரும் செய்கிறார். பொறுப்பாளர்களுக்கும் விலக்கு இல்லை. போன மாதம் நகல் எடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. கணினியைத் தொட்டது அதுவே அவருக்கு முதல் முறை. முடித்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "இது எங்க வீட்டு பீரோவுல இருக்கட்டும், யாரு கேட்டாலும் நான் பதில் சொல்றேன்" என்றார்.

உங்கள் அலுவலகத்திலும், படிப்பகத்திலும், வீட்டிலும் இந்த ஞாயிறே தொடங்குங்கள்.