முயலகனும் மாத்திரை அட்டையும்

கொல்லி மழவனின் மகளைப் பற்றிய முயலகன் என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். அந்நோயை வலிப்பு என்று கொள்வோர் பலர். தமிழ் படித்தவர்கள் இவ்விடத்தில் பதிகத்தின் ஆற்றலை வியந்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். நாம் சுட்ட விரும்புவதோ அந்தத் தகப்பனை. மருத்துவம் பலிக்காத நிலையில் அவன் மகளை ஊரறியக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். அரசகுலத்து மானம் அவனைத் தடுக்கவில்லை.

அதே கொல்லிமலையின் அடிவாரத்தில், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களில் இன்று என்ன நடக்கிறது? பெண்ணுக்கு வலிப்பு என்றால் மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் போகிறது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற வாரத்தில் மாத்திரையே நின்றுபோகிறது. படித்த குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

மழவன் காலத்தில் மருந்து இல்லை. புரோமைடு வந்ததே 1857இல்தான். பினோபார்பிட்டால் 1912இலும் பெனிடாயின் 1938இலும் வந்தன. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் வலிப்புள்ளோரில் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய மாத்திரைகளின் விலையும் அதிகமில்லை. மருந்து கைக்கு எட்டிய பின்னும் வாய்க்கு எட்டாமல் போவதற்கு நம் கௌரவமன்றி வேறென்ன காரணம்?

இம்மாத்திரைகள் நோயின் வேரைப் பிடுங்குவன அல்ல. மூளையில் மிகையாக எழும் மின்துடிப்பை அன்றாடம் அடக்கி வைப்பன. திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்தது முன்னிலும் வேகமாகத் திரும்பலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓயாத வலிப்பு உயிரையே வாங்கக்கூடும். அப்போது 108ஐ அழைப்பதே வழி. "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஊரில் சொல்லப்படும் கதைகள் பலவற்றில் உண்மையில் நடந்தது மாத்திரையை நிறுத்தியதுதான். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கும், வடநாட்டுக்கு ரிக் வண்டியோடு போகிறவருக்கும் ஆபத்து இரட்டிப்பு. தூக்கம் கெட்டாலே வலிப்பு வரும். கையிருப்பு மாத்திரையும் தீர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"சொன்னால் கலியாணம் ஆகுமா?" என்று நண்பர்கள் கோபிக்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் மணத்தடையாகச் சேர்க்கப்பட்ட வலிப்பு 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. வலிப்பு இருப்பதாலேயே திருமணம் செல்லாது என்று இன்று எவரும் சொல்ல முடியாது. முக்கியமான செய்தியை மறைத்து மணம் முடித்தார்கள் என்று வழக்காடவோ அச்சட்டத்தில் இன்னும் இடமுண்டு. எதை மறைத்துப் பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைக்கிறோமோ, அந்த மறைப்பே நாளை அவளுக்கு எதிராக நிற்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வால்புரோயேட் மாத்திரையைக் கருவுற்ற காலத்தில் உட்கொண்டால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைகளும், முப்பது முதல் நாற்பது பேருக்கு மனவளர்ச்சிச் சிக்கல்களும் நேர்கின்றன. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றலாம், ஃபோலிக் அமிலம் தொடங்கலாம். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. கணவனுக்கே தெரியாமல் மாத்திரை விழுங்கும் பெண் இந்தக் கேள்வியை யாரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்பாள்?

மருத்துவர்களையும் விடுவதற்கில்லை. பெனிடாயினின் அளவைச் சிறிது கூட்டினாலே இரத்தத்தில் அது பலமடங்கு ஏறித் தள்ளாட்டம் வரலாம். தோலில் தடிப்பு கண்டால் உடனே வரவேண்டிய மருந்துகளும் உண்டு. குறைந்தது இரண்டாண்டு வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, அதுவும் மருத்துவர் சொற்படி படிப்படியாகவே, மருந்தைக் குறைக்க எண்ணலாம். இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சீட்டெழுதும் அவசரத்தில் அந்த ஐந்து நிமிடத்தைத் தர மறுப்பதும் குற்றமே.

நாமோ வகுப்பில் மாணவன் விழுந்தால் சாவிக்கொத்தைத் தேடுகிறோம். இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்தியதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி அருகிலிருந்தால் போதும். பெரியபுராணம் நடத்தும் ஆசிரியர்கள் மழவன் மகள் கதைக்கு வரும்போது இதையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்த வகுப்பிலேயே மாத்திரையை மறைத்து வைத்திருக்கும் ஒருத்தி உட்கார்ந்திருக்கக்கூடும்.